விற்பனைக் கணக்கில் வராத வாசகர்கள்

"உங்க பக்கம் புத்தகம் போகாதுங்க" என்றார் ஒரு பதிப்பாளர். 'உங்க பக்கம்' என்றால் கடலூர் மாவட்டமா, காலனியா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் கையில் இருந்தது கடைகளின் விற்பனைக் கணக்கு. அது வாங்கியவர்களின் கணக்கு, வாசித்தவர்களின் கணக்கல்ல. சிதம்பரத்தில் நாங்கள் வாங்கும் ஓர் அம்பேத்கர் நூல் பத்துக் கை மாறும், பாதி ஜெராக்ஸ் ஆகும். கடலூரில் ஏப்ரல் 14 அன்று மாலை போட வந்த ஓர் அம்மா, தரையில் விரித்திருந்த சிறுவெளியீடுகளைப் பார்த்து, "பஞ்சமி நிலத்துக்கு எங்க மனு கொடுக்கணும்னு இதுல இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை. அவர் வாங்காமல் போனார். விற்பனைக் கணக்கு இதை 'ஆர்வமில்லை' என்றுதான் சொல்லும்.

வாசகரை அறிய நமக்கு முன்னோடி உண்டு. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயரில் இருந்தது. வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது. அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பண்டிதர் இதழிலேயே விடை எழுதினார். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள். 1914இல் அவர் மறைந்தபின், 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அதே தங்கவயலிலிருந்து 'தமிழன்' மீண்டும் வந்தது. கேள்வி கேட்கும் உரிமை பெற்ற வாசகர்கள் இதழைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

இன்று இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, "இதில் விடை கிடைக்காத உங்கள் கேள்வி என்ன?" என்று கேளுங்கள். கிளை நூலகரிடம், எது இரவல் போகிறது என்பதோடு, எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார்கள் என்றும் விசாரியுங்கள். அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துப் படியை ஒரு மாலைநேரப் பயிலகத்தில் வாசித்துக் காட்டுங்கள். எங்கே கொட்டாவி வருகிறது, எங்கே சண்டை வருகிறது என்று பாருங்கள்.

கைக்கு எட்டாததன்மேல் விருப்பம் உண்டா என்று கணக்கெடுக்க முடியாது. படிக்க ஆசைப்படுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டா 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார்? முதலில் கதவைத் திறந்தார். பிள்ளைகள் வந்தார்கள்.

பதிப்பாளத் தோழர்களே, புத்தகத்தோடு எங்கள் தெருவுக்கு வாருங்கள். 'போகாது' என்பதை அதன்பிறகு சொல்லுங்கள்.