கடைசிப் பத்தடி

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர் ஒரு கெக் (சின்ன எஃகுப் பீப்பாய்) பீருக்கு மாதம் ஒன்றாவது கொடுக்கிறார். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, நொதிக்கும்போது வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறார். அப்படிக் காப்பாற்றிக் கொண்டுவந்த பீர், கெக்கிலிருந்து கோப்பைக்கு வருகிற கடைசிப் பத்தடியில் பாழாகிறது. முக்கால் கோப்பை நுரை. அடியில் கொஞ்சம் பீர். நுரை அடங்கும் வரை காத்திருந்து குடித்தால் சப்பென்று இருக்கும். எத்தனை வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன்! ஒவ்வொரு முறையும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகனில். இங்கே கராஜிலோ நிலவறையிலோ மேல்மூடி திறக்கும் பெரிய ஃப்ரீசர் இருப்பது சாதாரணம். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இறைச்சியைப் போட்டு வைக்க வாங்குவார்கள். வீடு மாறும்போது மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அதை வாங்கி வந்து கெக் வைத்து, டேப் பொருத்தி, வீட்டிலேயே பீர் பிடிக்கிற பெட்டியாக மாற்றுவது வீட்டில் பீர் காய்ச்சுகிற கூட்டத்துக்குப் பழகிப்போன வேலை. சட்டத்துக்கு விரோதமானதும் இல்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், வரி கட்டாமல் ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீடு 200 கேலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம் என்றது. விற்கத்தான் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டு, கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல் இறங்கிவந்தன. இவ்வளவு காலம் கேட்டு வாங்கிய உரிமையை நுரையாகக் கொட்டுகிறோமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வேலை இதுதான். மூடியைக் கழற்றி, ஃப்ரீசரின் வாயைச் சுற்றி மரச்சட்டம் ஒன்றை உட்காரவைத்து, அதன்மேல் மூடியைத் திரும்பப் பூட்டுவார்கள். டேப்புக்கான துளைகளைச் சட்டத்தில் போடுவார்கள். காரணம், மேல்மூடி ஃப்ரீசரின் சுவருக்குள் குளிர்வாயு ஓடும் குழாய்கள் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து வளைந்து போகின்றன. துரப்பணம் அதில் பட்டால் ஃப்ரீசரின் கதை அதோடு முடிந்தது. இப்போது வருபவற்றில் பல, தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேனை நிரப்பி வருகின்றன. ஆபத்து இன்னும் கூடுதல். இதைத் தெரிந்தும் 'இந்த இடத்தில் குழாய் இருக்காது' என்று சுவரில் துளை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

மரச்சட்டம் அடித்தவர்களிடம் எனக்கு வேறொரு குறை. அவர்கள் உழைப்பெல்லாம் அந்த மரத்திலேயே தீர்ந்துபோகிறது. வால்நட் பலகை, மூலைக்கு மூலை இழைத்த பொருத்து, மூன்று பூச்சு வார்னிஷ், பளபளக்கும் எஃகு டேப், கையால் கடைந்த கைப்பிடி. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டேப்புக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால் நாலடிக் குழாய் ஒன்று தொங்கும்.

திருச்சிக்காரத் தம்பி ஒருவர் இப்படித்தான் அழைத்துக் காட்டினார். முதல் கோப்பை முழுக்க நுரை. இரண்டாவதும் அப்படியே.

"கேஸ் ஜாஸ்தியாயிடுச்சு போலண்ணே. ரெகுலேட்டரைக் குறைச்சுட்டா சரியாயிடும்."

"குழாய் எத்தனை அடி தம்பி?"

"செட்டோட வந்ததுதாண்ணே. அதுல என்ன இருக்கு?"

எல்லாமே அதில்தான் இருக்கிறது! சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாகக் கெக்குக்குள் வரும் கரியமில வாயுவின் அழுத்தம் 12 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கிறது. 38 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில், பீர் தன் கொள்ளளவைப்போல் இரண்டரை மடங்கு வாயுவைக் கரைத்துப் பிடித்துக்கொள்ள அந்த அழுத்தம் வேண்டும். டேப்பைத் திறந்ததும் வெளியே அந்த அழுத்தம் இல்லை. உள்ளிருக்கும் வேகத்தை வழியில் யாராவது தின்றாக வேண்டும். தின்பது குழாயின் உராய்வு. பதினாறில் மூன்று அங்குல உள்விட்டமுள்ள குழாயென்றால் பத்தடி போல வேண்டும். நாலடியில் முடித்தால் பீர் சீறிக்கொண்டு வந்து கோப்பையில் மோதும். கரைந்திருந்த வாயு மொத்தமும் அங்கேயே நுரையாகப் பிரிந்துவிடும். கால் அங்குலக் குழாயை மாட்டினால் இன்னும் மோசம். அதே தடை கிடைக்க மூன்றரை மடங்கு நீளம் வேண்டும்.

தம்பி சொன்ன வைத்தியம்தான் ஊரெல்லாம் நடக்கிறது. ரெகுலேட்டரைக் குறைத்தால் அன்றைக்கு ஓரளவு நுரை அடங்கும். ஆனால் அழுத்தம் குறைந்த கெக்கில், பீரில் கரைந்திருந்த வாயு நாளுக்கு நாள் வெளியேறும். குழாயிலேயே குமிழ் கட்டும். பத்து நாள் கழித்து, நுரையும் வரும், பீரும் செத்திருக்கும். பிறகு பழி காய்ச்சியவர் தலையில்: 'உன் ரெசிபி சரியில்லை.' ரெசிபி என்ன செய்தது, பாவம்?

விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. ரெகுலேட்டர், டேப், இணைப்பு, கெக் எல்லாம் சேர்த்துப் பெட்டியாகக் கட்டி விற்கிறார்கள்; அதில் வைக்கும் குழாய் பெரும்பாலும் நாலடி, ஐந்தடி. முழுச் செட்டின் விலையில் குழாய்க்கு ஆகும் காசு எவ்வளவு சொற்பம்! இன்னும் ஆறடி சேர்த்து வைத்தால் கடை முங்கிவிடாது. கைப்பிடியில் பத்து நிறம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

அடுத்தது குளிர். ஃப்ரீசர் என்பது கழித்தல் 18 டிகிரி செல்சியஸுக்கு இறங்கச் செய்யப்பட்ட பெட்டி. அதை 3 டிகிரியில் நிறுத்த, கரண்டை வெட்டி வெட்டி விடும் தனிக் கருவி ஒன்றைச் செருகுகிறோம். அதன் உணர்வு முனையை வெறும் காற்றில் தொங்கவிட்டால், மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் விழித்துக்கொள்ளும். இப்படி அடிக்கடி ஓடி நின்றே சீக்கிரம் பழுதாகும். முனையைக் கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே நுரைப்பஞ்சுத் துண்டு வைத்து மூடினால் பீரின் வெப்பம் தெரியும். இரண்டு நிமிட வேலை. செய்கிறவர்கள் குறைவு.

கருவி 38 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். குளிர்ந்த காற்று கனம், அடியில் தங்கிவிடும். மேலே மரச்சட்டத்தின் உயரத்தில், டேப் இருக்கும் இடத்தில், கதகதப்பு. அடியிலிருந்து வரும் குளிர்ந்த பீர் மேலே வந்து சூடான டேப்பில் பட்டதும் வாயுவை உதறிவிடும். முதல் கோப்பை நுரைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் உள்ளங்கை அகல விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட்டால் அடிக்குளிரும் மேல்சூடும் கலந்துவிடும். சட்டத்தின் உட்பக்கம் வெப்பம் தடுக்கும் தகடு ஒட்ட வேண்டும். மரம் ஒன்றரை அங்குலம்தான், அது போதாது. வெளிப்பக்கத்து வார்னிஷுக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு பங்கை உட்பக்கத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்துக் குளிர்காலம் வேறு இருக்கிறது. ஜனவரியில் கராஜுக்குள்ளேயே தண்ணீர் உறையும். பெட்டிக்குள் இருப்பதைவிட வெளியே குளிர் கூடினால் ஃப்ரீசரால் என்ன செய்ய முடியும்? பீர் உறைந்து, குழாய் அடைத்து, சில சமயம் இணைப்பே விட்டுப்போகும். ஃப்ரீசருக்குள் சின்ன ஹீட்டர் ஒன்றை வைத்து, குளிரவும் சூடேற்றவும் தெரிந்த கருவியோடு இணைக்க வேண்டும். இதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் பனிக்காலத்தில் கெக் உறைந்த பிறகுதான் தெரியவருகிறது.

இணைப்புகள் விஷயம் எடுத்தால் பேச்சு நீளும். கெக்குகள் சோடாக் கம்பெனிகள் கழித்துப்போட்டவை. சிரப்பைப் பைகளில் அடைக்க ஆரம்பித்ததும் இவை மலிவாக வெளியே வந்தன. பெப்சி வழி வந்தது ஒரு வகைப் பூட்டு, கோக் வழி வந்தது இன்னொரு வகை. ஒன்றின் இணைப்பு மற்றதில் சேராது. கோக் வகையில் வாயுப் பக்கம் இரண்டு முளை, பீர்ப் பக்கம் மூன்று முளை. தெரியாமல்கூட மாற்ற முடியாது. பெப்சி வகையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சாம்பல் வாயுவுக்கு, கறுப்பு பீருக்கு. அவசரத்தில் மாற்றி அழுத்தினால் மாட்டிக்கொண்டு வராது. ஐம்பது வருடமாக எல்லோரையும் படுத்துகிற இந்தக் குழப்பத்தை, புதுக் கெக் செய்கிறவர்களும் அப்படியே தொடர்கிறார்களே! இப்போது 4 மில்லிமீட்டர் குழாயும் அழுத்திச் செருகும் இணைப்பும் வந்திருக்கின்றன. நல்ல பொருள்தான், அங்குலத்தோடு மில்லிமீட்டரும் சேர்ந்து இன்னொரு கணக்கு.

நுரையைவிட என்னைப் பயமுறுத்துவது கசிவு. சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வாஷர். அது சரியாக அமராவிட்டால் இரவோடு இரவாக சிலிண்டர் காலி. காசு போவதைச் சொல்லவில்லை. ஐந்து பவுண்டு சிலிண்டரில் அடைத்திருப்பது, வெளியே வந்தால் ஆயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல் விரியும் கரியமில வாயு. அது காற்றைவிடக் கனம். ஏழு கன அடி ஃப்ரீசரின் கொள்ளளவு இருநூறு லிட்டர்தான். மேலே மட்டுமே வாயுள்ள பெட்டியில் அது குளம் போலத் தேங்கும். மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மூச்சை இழுத்துக் கெக்கைத் தூக்குகிற மனிதரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் ஒரு சிலிண்டரையும் திறக்காதீர்கள். நிலவறையில் வைத்திருந்தால் கரியமில வாயு அளவைக் காட்டி அலறும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். டேப்புக்குச் செலவழிக்கிற குடும்பத்துக்கு அது பெரிய செலவில்லை. புகைக்கு மாட்டியிருக்கும் கருவியும், கார்பன் மோனாக்சைடு கருவியும் இதைக் கண்டுபிடிக்காது. இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

தூக்குவதும் லேசுப்பட்டதல்ல. நிறைந்த கெக் 24 கிலோ போல. சட்டத்தை ஃப்ரீசர் உடலோடு ஒட்டிவிட்டால், அந்தச் சுமையை இடுப்புக்கு மேலே தூக்கிச் சட்டத்தையும் தாண்டி இறக்க வேண்டும். சட்டத்தை மூடியோடு சேர்த்துவிட்டால் டேப், குழாய் எல்லாம் மூடியோடு எழும்பும். தூக்க வேண்டிய உயரம் அரை அடிக்கு மேல் குறையும். பார்வைக்குக் கொஞ்சம் குறைதான். முதுகு பிடித்துக்கொண்டவர்களிடம் கேட்டால் எது மேல் என்று சொல்வார்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள்கூட விட்டுவிடுவது கழுவுவதை. அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கத்தின் கையேடு, பதினான்கு நாளுக்கு ஒரு முறை குழாயைக் காரக் கரைசலால் கழுவச் சொல்கிறது. வீடுகளில் கெக் தீர்ந்தால் அடுத்த கெக்கை அதே குழாயில் மாட்டிவிடுகிறார்கள். உள்ளே ஈஸ்ட்டும் புரதமும் படிந்து, பாக்டீரியா குடியேறி, வெண்ணெய் வாடையும் புளிப்பும் ஏறும். டேப்பைப் பிரித்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். பொட்டுத் தூசி படாமல் கிருமிநாசினியில் முக்கி முக்கிக் காய்ச்சிய பீரை, கழுவாத குழாய் வழியாக விருந்தாளிக்கு ஊற்றுகிறோம். இது எந்த ஊர் நியாயம்? நாலு டேப் வைத்து ஒன்றையும் கழுவ நேரமில்லை என்பவர்கள் இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். நான் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஐந்தாவது டேப்புக்கு இடம் பார்க்கிறார்கள்.

தம்பியின் வீட்டில் அன்றைக்கு, என் கராஜில் மிஞ்சியிருந்த குழாயைக் கொண்டுபோய் மாட்டினோம். கெக்கின் தலையில் வளையம் வளையமாகச் சுற்றி வைத்து, ரெகுலேட்டரைப் பழையபடி 12க்கு ஏற்றினோம். நுரை இரண்டு விரல் கனத்துக்கு வந்து நின்றது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: பன்னிரண்டு அடியாக வாங்கி மாட்டுங்கள். பீர் மந்தமாக வந்தால் அரை அடி அரை அடியாக வெட்டிக்கொள்ளலாம். டேப்பையும் கைப்பிடியையும் அதற்குப் பிறகு வாங்குங்கள்.