மரம் யாருக்கு? காடு யாருக்கு?

நீலகிரியில் சீகையும் கற்பூர மரமும் தாமாக முளைத்தவையல்ல. விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தான் வெள்ளைக்காரன். சுதந்திரத்துக்குப் பின் நம் சர்க்காரே தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்குமாகப் புல்வெளிகளை அழித்து மேலும் நட்டது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரம் போயிற்று; ஆலைக் கழிவு பவானியில் கலந்தது; கடைசியில் ஆலையும் மூடப்பட்டது. தோடரின் எருமைகள் இழந்த மேய்ச்சலுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இன்று அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்கிறது சர்க்கார். சரியான காரியம்தான். முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையை வெட்டி அரசு காகித ஆலைக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று. காகிதம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெட்டும் வேலை காண்டிராக்டருக்கா, மலைவாழ் மக்களுக்கா? விற்ற பணத்தில் அவர்கள் பங்கு எங்கே?

காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தந்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இடதுசாரிகளும் மலைவாழ் மக்கள் இயக்கங்களும் வற்புறுத்திப் பெற்ற சட்டம் அது. தமிழ்நாட்டிலோ நீதிமன்ற உத்தரவால் 2016 வரை பட்டா வழங்குவதே முடங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகும் வனத்துறை அதிகாரிக்குக் கிராம சபை என்றால் கசப்புத்தான்!

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைத் தோழர்கள், "மலைக்காடு நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். காண்டிராக்ட் கூலியின் கொடுமையை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. காட்டில் மரம் வெட்டுகிறவனும் அதே கூலிதான்.

ஆகவே நாம் கோருகிறோம்: மரம் அகற்றும் வேலையைக் காண்டிராக்டரிடம் விடாதே, மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடு. கிராம சபையின் சம்மதமின்றிக் கோடரி விழக்கூடாது. வெட்டிய இடத்தில் மீண்டும் வியாபார மரம் நடாமல், சோலையையும் புல்வெளியையும் திரும்பக் கொண்டுவர நிதி ஒதுக்கு.