600 கிலோமீட்டருக்கு எந்தப் பாட்டு?

தூத்துக்குடி முத்தையாபுரத்திலிருந்து சென்னைக்குக் காரில் கிளம்பினால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சாப்பாடு, டீ, டோல்கேட் எல்லாம் சேர்த்தால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 130 பாட்டு வேண்டும். டயரில் காற்றுப் பார்க்கவும் டிக்கியில் பெட்டி அடுக்கவும் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட இந்த 130-க்கு நாம் காட்டுவதில்லை. ஏதோ ஒரு பாட்டைத் தட்டிவிட்டு, மீதியைச் செயலி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அதுவும் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. முதலில் தட்டியது மழைப்பாட்டு என்றால் அருப்புக்கோட்டை தாண்டியும் மழைதான், வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தாலும். கேட்டதைப் போன்றதையே மேலும் மேலும் கொடுப்பது அதன் தொழில். நெடும்பயணம் கேட்பதோ பல காலமும் பல குரலும் கலந்து, நேரம் பார்த்து அடுக்கிய பட்டியல். அதை ஆள்தான் போட வேண்டும்.

கலந்து கேட்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கடலோடிகளின் அம்பாப் பாட்டே தண்டு வலிக்க ஒரு நடை, வலை இழுக்க ஒரு நடை என்று வேலைக்குத் தக்கபடி மாறும். அப்புறம் இலங்கை வானொலி. கடல் தாண்டி வந்தும் தூத்துக்குடிப் பக்கம் உள்ளூர் நிலையம் போலக் கேட்டது. ‘பொங்கும் பூம்புனல்’ போன்ற நிகழ்ச்சிகளில் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்தது ஒரு மனிதர். என்ன வரும் என்று தெரியாத ஆவலே காதைக் கட்டிப்போட்டது. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுப்பார்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் ஏறும். அதனால் டி.எம்.எஸ். சோகத்துக்குப் பின்னால் எதைப் போடுவது என்று யோசித்தே எழுத வேண்டியிருந்தது. அந்த ஒழுங்கைக் கற்றுத் தந்தது இடப்பஞ்சம். கோடிப் பாட்டு கைக்கு வந்ததும் அது போய்விட்டது.

இளையராஜா மட்டும் போதாதா என்பார்கள். தெற்கத்திச் சாலைகளில் அது பெரிய கட்சி. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர், அவருக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது என்ற வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு நம் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் மல்லுக்கட்டுவதை அந்தப் பட்டியலில் எங்கே தேடுவது? மூன்று மணி நேரம் தொடர்ந்தால் ராஜாவே என்ஜின் சத்தத்தோடு கலந்துவிடுகிறார். ஒரு நாகூர் ஹனிபாவுக்குப் பின்னால் வந்தால் மறுபடி ராஜா ஆகிறார். கர்நாடக சங்கீதத்தின் பக்கத்தில் கானாவா என்று முகம் சுளிப்பவர்கள் போகும் வழியில் மதுரைச் சாலையில் எட்டயபுரத்தில் இறங்கலாம். 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் எழுதியவர் அவர். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றில் உண்டு. அவருக்கே ஒட்டாத தீட்டு நம் கார் ஸ்பீக்கருக்கா ஒட்டப்போகிறது?

ராத்திரி இரண்டு மணிக்குக் குத்துப்பாட்டு இல்லாவிட்டால் கண் சொக்கிவிடும் என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் வாரன் பிராட்ஸ்கி சிமுலேட்டரில் ஆட்களை ஓட்ட வைத்துப் பார்த்தார். தாளம் விரைய விரைய வண்டியின் வேகமும் விதிமீறலும் கூடின. வேகம் கூடுவது விழிப்பல்ல, விழிக்க வைப்பது மாற்றம்தான். அதே அடி மணிக்கணக்கில் விழுந்தால் அதுவும் தாலாட்டுத்தான். நிஜமாகவே தூக்கம் வந்தால் ஓரங்கட்டிப் படுக்க வேண்டும், அதற்குப் பாட்டில் மருந்து இல்லை. ஷஃபிளும் கைகொடுக்காது, தாலாட்டுக்குப் பின் கானா, கானாவுக்குப் பின் ஒப்பாரி என்று குலுக்கிப் போட்டுவிடும். துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊரும் முதல் அரை மணிக்குப் பி.பி. ஸ்ரீனிவாஸ் போதும். துள்ளலை நாலுவழிச்சாலையின் அலுப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அதையும் விட்டு விட்டு. கிளம்புவதற்கு முந்தைய நாளே வண்டியில் ஏறப்போகும் ஒவ்வொருவரிடமும் பாட்டுக் கேட்டு வாங்குங்கள், பின்சீட்டில் உட்காரப்போகும் ஆச்சியிடம் முதலில். ஸ்டியரிங் பிடிப்பவர் கையில் மட்டும் போனைக் கொடுத்துவிடாதீர்கள்.