முதுமையில் உளச் சிகிச்சை

முதுமை நோயன்று. ஆயினும் முதியோர்க்கு வரும் நோயை முதுமையின் கணக்கிலே எழுதிவிடுவது நம்மவர் வழக்கமாயிற்று. உறக்கமின்மை, பசியின்மை, காரணந் தெரியாத உடல்நோவு, கோயிலுக்குப் போகவும் மனமின்மை ஆகியவற்றைக் கண்டால், “வயது போய்விட்டது” என்று அமைகின்றோம். இவை மனச்சோர்வு என்னும் நோயின் குறிகளாகவும் இருத்தல் கூடும், அந்நோயோ தீரத்தக்கது. பழைய மாணவர் பலர் முதுமையின் வாயிலில் நிற்கும் இக்காலத்தில், இதுபற்றி இம்மலரிற் சில கூறுதல் பொருந்தும்.

ஐம்பது வயதை அணுகியவர்க்கு மனத்தின் நெகிழ்ச்சி குன்றிவிடும். அவர்க்கு உளச் சிகிச்சை பயன்படாது என 1905இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதினார். அப்போது அவரே ஐம்பதை அணுகிக்கொண்டிருந்தார்! அவருடைய மாணாக்கரான கார்ல் ஆபிரகாம் 1919இல் இதனை மறுத்து, நோயாளியின் வயதினும் நோயின் வயதே கருதத்தக்கது என்றார். அமெரிக்க மருத்துவர் றொபேட் பட்லர் 1963இல், முதியோர் பழையன நினைந்து பேசுதல் வீண்பேச்சன்று, வாழ்வை மீள நோக்கி அமைதி காணும் முயற்சி என விளக்கினார். இன்றைய மருத்துவ உலகம் பின்னிருவர் பக்கமே நிற்கின்றது.

இச்சிகிச்சையில் எதனை எதிர்பார்க்கலாம்? முதலில் உடல் சோதிக்கப்படும். தைரொயிட் குறைவும், உட்கொள்ளும் சில மருந்துகளும், மறதி நோயும் மனச்சோர்வு போலத் தோன்றுதல் உண்டு. பின்னர், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், சில மாதங்கள் உரையாடல் நடைபெறும். மாத்திரையும் உடன் தரப்படலாம். பேசியவை மறைவாகக் காக்கப்படும். தொடக்கத்தில் மனம் முன்னினும் கனத்தல் கூடும். அதற்கஞ்சி இடையில் நிறுத்தலாகாது. இறந்த மனைவி மீளாள்; கடல் கடந்த பிள்ளை திரும்பான்; ஆனால் அத்துயரோடு உண்டு, உறங்கி, பிறரோடு அளவளாவி வாழும் வலிமை திரும்பும். மந்திரத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பயிற்சியை எதிர்பார்ப்பவர் பயன் பெறுவர். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கியபோது நோயாளியையே முதற்கண் வைத்தார். இச்சிகிச்சைக்கு அவ்வரிசை மிகவும் பொருந்தும்.

இங்கு வலியுறுத்த வேண்டியது மொழி. பிற நோய்க்கு மொழி துணைக்கருவி; இந்நோய்க்கோ மொழியே கருவி. ஹந்தானை, தெல்தோட்டை, நாவலப்பிட்டி முதலிய இடங்களில் வாழும் நம் முதியோர் நெஞ்சில் கிடப்பவை எவை? 1948இல் குடியுரிமை பறிபோனமை; 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கென எண்ணப்பட, அண்ணன் அக்கரையும் தம்பி இக்கரையுமாகக் குடும்பங்கள் பிரிந்தமை; 1983இல் வீடு எரிந்தமை. இவற்றை அரைகுறைச் சிங்களத்தில் எவ்வாறு சொல்வது? பேரனை மொழிபெயர்க்க இருத்தினால், பேரன்முன் சொல்லத்தகாதவை தொண்டையிலேயே நின்றுவிடும். 1987 முதல் தமிழும் ஆட்சிமொழியாயுள்ள நாட்டில், தமிழில் அழுவதற்கு ஓரிடம் கேட்பது சலுகை கேட்பதன்று.

பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் பணிபுரிகின்றனர். 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆயின், தமிழறிந்தோர் இத்துறைக்கு இன்னும் பலர் வேண்டும். கட்டடத்துக்கும் கிண்ணத்துக்கும் பொருள் திரட்டும் நம் சங்கம், ஆண்டுக்கு ஓரிளைஞரை உளவளத்துணைப் பயிற்சிக்கு அனுப்புமாயின், அதனினும் சிறந்த ஜூபிலி நினைவுச் சின்னம் வேறில்லை. அதுவரை, வீட்டு முதியவர் வாளாவிருக்கும்போது அதனை அமைதியென்று கொள்ளாது, அருகமர்ந்து கேட்போமாக. வேண்டுமாயின் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.