நோய் குறைவு, சாவு மிகுதி!

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2017-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்டுதோறும் லட்சம் பேரில் புதிதாகப் புற்றுநோய் காண்போர் நாட்டுப்புறக் கவுண்டிகளில் 442, நகரத்தில் 457. ஆனால் அந்நோயால் மாள்வோர் நாட்டுப்புறத்தில் 180; நகரத்தில் 158! கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிமாரான நாம் இந்தப் பேரேட்டில் சரியென்று ஒப்பமிட முடியுமா?

கிராமத்தில் கிழவர் அதிகம் என்ற சாக்குச் செல்லாது. வயது வேறுபாட்டைக் கழித்தே போட்ட கணக்கு இது.

"புகைக்கிறான், சாகிறான்" என்பர் சிலர். அங்கே புகைப்பழக்கம் மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் பெருங்குடல் புற்றிலும் கருப்பைவாய்ப் புற்றிலும் நாட்டுப்புறச் சாவே மிகுதி. சோதனையால் முன்கூட்டியே பிடிபடக்கூடிய நோய்கள் இவை! சோதிக்க இடம் எங்கே? 2010-க்குப் பின் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நாட்டுப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன. கதிர் சிகிச்சைக்கோ பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், பல வாரம் போய்வர வேண்டும். போனால் கூலி போகும். போகாவிட்டால் உயிர் போகும்.

இதை விதி என்போரைக் கேட்கிறோம்: விதி கவுண்டி எல்லை பார்த்தா வரும்?

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கும் லயத்துக்கும் இடையே உள்ள தூரம் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த நாடாயினும் கோரிக்கை ஒன்றே: உழைப்பவன் வாழும் இடத்திற்குச் சோதனை வரட்டும்; சிகிச்சைக்குப் போகும் நாளுக்குச் சம்பளமும் வண்டியும் கிடைக்கட்டும். இது பிச்சையன்று, உரிமை!