எந்தக் கால் எந்தக் குதிரைக்கு

இந்த இதழின் அட்டையில் இருக்கும் குதிரைப்படை திருப்புடைமருதூர்க் கோபுரத்திலிருந்து வந்தது. புகைப்படம் அல்ல. ராஜபாளையத்தில் முப்பது வருடம் கடைப் பலகை எழுதிய ஓவியர் ஒருவர் ஆறு வாரம் உட்கார்ந்து கையால் படியெடுத்தது. ஃபிளக்ஸ் வந்தபின் அவருக்குப் பலகை வேலை நின்றுபோயிற்று. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கோயில்களில் சுதைக்கு வர்ணம் பூசப் போகிறார்.

தாமிரபரணிக் கரையில் இருக்கிற திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்கு ஐந்து நிலை. உள்ளே நிலைக்கு நிலை சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. அங்கே ஒரு போர் வரையப்பட்டிருக்கிறது. 1532 வாக்கில் வேணாட்டு அரசருக்கும் அச்சுத தேவராயரின் விஜயநகரப் படைக்கும் நடந்த தாமிரபரணிப் போர் அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும் உண்டு. நம் ராஜபாளையத்திலிருந்து தென்காசி வழியாகப் போனால் ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். ஆனால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

“போட்டோ எடுத்து ஃபிளக்ஸ் அடித்தால் ஐந்நூறு ரூபாயில் முடியுமே” என்றார் ஒரு நண்பர். ஓவியர் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அச்செடுத்த படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டார். அதே கட்டத்தைப் பெரிதாக்கித் துணியில் போட்டார். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கோடு இறங்கியது. நெருக்கி வரைந்த குதிரைகளில் எந்தக் கால் எந்தக் குதிரைக்கு என்று பிரிக்கவே அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. “பாக்கும்போது தாண்டிப் போயிரலாம் அண்ணாச்சி. வரையும்போது தாண்ட முடியாது” என்றார். காரை உதிர்ந்த இடத்தில் கோட்டை ஊகித்து நிரப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அட்டையில் நடுவே தெரியும் வெள்ளைத் திட்டு அதுதான்.

சிதைந்த சுவரோவியத்தை ஊகித்து நிரப்பலாமா என்ற கேள்வி புதிதல்ல. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தார்கள். அந்தப் போரைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வரைய வைத்தார். வெடிமருந்து வண்டி தீப்பிடித்து எரிகிறது. சுற்றி வளைக்கப்பட்ட சிவப்புச் சட்டைக்காரர்கள் நடுவில் பல்லக்கில் இருக்கும் பெய்லி விரலைக் கடிக்கிறார். பயத்தில் நகம் கடிக்கிறார் என்பவர்கள் உண்டு. திகைப்பைக் காட்ட விரலை வாயில் வைப்பது பாரசீக ஓவிய மரபு. நம் பாட்டிமார் மூக்கின்மேல் விரல் வைப்பதுபோல. மரபு தெரிந்த கைக்கு இது ஒரே நொடியில் பிடிபடும்.

அந்தச் சுவர் பின்னால் சிதைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டல்ஹௌசி பிரபு அதைத் திரும்ப வரையச் சொன்னபோது, பழைய படத்தை நினைவில் வைத்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரின் கை அதை மீட்டது. இன்று நாம் பார்ப்பதில் எவ்வளவு அவருடைய நினைவு, எவ்வளவு பழைய கோடு என்று பிரிக்க முடியாது. காகிதத்தில் அதே போரைக் கையால் எழுதிய ஒரு படி, சுமார் 32 அடி நீளம், 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போயிற்று. படியெடுத்த கையின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இதில்தான் வருத்தம்.

நம் பக்கத்தில் இப்படிப்பட்ட கை இல்லாமல் இல்லை. நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுத வந்து கோவில்பட்டியிலேயே தங்கிய கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சில் நாடெங்கும் போயின. அந்தப் பயிற்சி பெற்ற தலைமுறைக்கு அடுத்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கின்றன. பூலித்தேவர் அங்கே போட்ட சண்டைகளைச் சிலையாகவும் சுவரொட்டியாகவும்தான் நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒரு போரை அந்தக் காலத்துக் கண்ணோடு எழுதிய கோடு எப்படி இருக்கும் என்று காட்ட, திருப்புடைமருதூர்ச் சுவரும் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி தஞ்சை மராட்டியரோடு மோதும் சுவரும் இருக்கின்றன. இரண்டையும் முழு அளவில், நம் ஓவியர்களுக்கு நியாயமான கூலி கொடுத்துப் படியெடுத்து, பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்ட வேண்டும். கீழே மூலையில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். அட்டைப் படத்தில் கையெழுத்துப் போட நம் ஓவியர் கூச்சப்பட்டார்; பின்னட்டையில் அவர் பெயரை நாங்களே அச்சிட்டிருக்கிறோம்.

அடுத்து அவர் கப்பலை எடுத்துக்கொள்கிறார். அதற்கு ஆறடி அகலத்தில் துணி வேண்டும். சத்திரப்பட்டித் தறியில் ஓடும் பேண்டேஜ் துணி வர்ணம் தாங்காது. காடா நெய்கிற வாசகர் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் கட்டம் போடத் தொடங்குகிறோம்.