பதிவு ஆகிவிட்டது, டிக்கெட் எங்கே?

மகள் லண்டனில், தம்பி டொரோண்டோவில், மைத்துனர் மெல்பர்னில் என்று குடும்பங்கள் சிதறிக் கிடக்கும் காலம் இது. பணி ஓய்வு பெற்று சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், எல்லாரையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வரலாமே என்ற ஆசை பலருக்கும் எழுகிறது. அதற்கு உலகம் சுற்றும் டிக்கெட் இருக்கிறது. மலேசியா ஏர்லைன்ஸ் 2013 முதல் இடம்பெற்றுள்ள ஒன்வேர்ல்ட் கூட்டணியில், எத்தனை கண்டங்கள் என்பதைப் பொறுத்து விலை. அதிகபட்சம் 16 பயணத் துண்டுகள். ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும்.

இதில் நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இருக்கையைப் பதிவு செய்வது ஒரு வேலை, பணம் கட்டி டிக்கெட்டை வெளியிடுவது வேறு வேலை. முகவர் தரும் ஆறு எழுத்து பிஎன்ஆர் குறியீட்டைப் பார்த்ததும் டிக்கெட் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இருக்கையைப் பிடித்து வைத்திருப்பதற்கான அடையாளம்தான் அது. கெடு தேதி கடந்தால் பதிவு ரத்தாகிவிடும். கட்டணமும் டிக்கெட் வெளியாகும்போதுதான் உறுதியாகிறது. இடையில் வரியோ எரிபொருள் கட்டணமோ ஏறினால் அது நம் தலையில்தான்.

சென்னைக்குப் போய்வர ஒரு நிறுவனம், ஒரு கெடு. உலகம் சுற்றும்போது நான்கைந்து நிறுவனங்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கெடு வைக்கலாம். எது முதலில் வருகிறதோ அதுதான் நமக்குக் கணக்கு. நடுவில் ஒரு துண்டு கழன்று, அதே கட்டண வகுப்பில் வேறு இடம் கிடைக்காவிட்டால் மொத்தத் திட்டமும் ஆட்டம் காணும்.

விமானங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கு முன்புதான் விற்பனைக்குத் திறக்கப்படுகின்றன. ஆகவே நீண்ட பயணத்தின் கடைசி விமானம் பதிவு செய்யும் நாளில் பட்டியலிலேயே இருக்காது. அது திறக்கட்டும் என்று காத்திருந்தால் முதல் விமானங்களின் கெடு போய்விடும். கிடைக்கும் தேதிக்கு டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பிறகு தேதியை மாற்றுவதே வழக்கம். மாற்றத்திற்கு என்ன கட்டணம் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு “அடுத்த வாரம் டிக்கெட் வந்துவிடும்” என்று இழுத்தடிக்கும் முகவரிடம் கெடு தேதியை எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டியதும் 13 இலக்க டிக்கெட் எண்ணையும் கேளுங்கள். மலேசியா ஏர்லைன்ஸ் வெளியிட்டதென்றால் அது 232 என்று தொடங்கும். சில முகவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

விமானப் பயணிகளின் புகார்களை 2025 ஆகஸ்டு 1 முதல் மாவ்காமுக்குப் பதிலாக சிஏஏஎம் கவனிக்கிறது. ஆனால் டிக்கெட்டே வெளியாகவில்லை என்றால் விமான நிறுவனத்திடம் நாம் என்னவென்று கேட்பது? வழக்கு முகவரோடுதான். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.